இரண்டு பேர் போதும்: 1836-37 இலினாய் சட்டமன்றத்தின் அவைக் குறிப்பை வாசிக்கும் முறை

பேரூராட்சி அலுவலகம் ஒன்றில் பதினோரு வருஷம் தீர்மானப் புத்தகம் எழுதியவள் நான். மன்றக் கூட்டம் நடந்த அன்றைக்கே பொருள், அலுவலகக் குறிப்பு, தீர்மானம் என்று பிரித்து எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். ஒருமுறை குப்பை கொட்ட இடம் ஒதுக்கும் பொருள் வந்தது. இரண்டு உறுப்பினர்கள் எழுந்து, அந்த இடம் வேண்டாம், எங்கள் ஆட்சேபத்தை எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். கூட்டம் கலைந்ததும் எனக்கு மேலே இருந்தவர், “ஏகமனதாகன்னே எழுதிடும்மா” என்றார். எழுதிவிட்டேன். அந்த வரி இன்றைக்கும் என் கையெழுத்தில் அங்கே இருக்கிறது.

இப்போது மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் இருக்கிறேன். நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து வாண்டேலியாவுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். 1820 முதல் 1839 வரை மாநிலத்தின் தலைநகராக இருந்த சிற்றூர் அது. அங்கே வெள்ளை அடித்த பழைய சட்டமன்றக் கட்டடம் அப்படியே நிற்கிறது. 1836 கோடையில் ஊர்க்காரர்களே அவசர அவசரமாகக் கட்டியது. தலைநகரம் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற பயம்தான் காரணம். டிசம்பரில் உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தபோது சுவர்ப்பூச்சு இன்னும் காயவில்லை. அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்த இரவு, அங்கே எழுதப்பட்ட குறிப்புப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தேன். ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதி ஆவதற்கு முன்பு, 1834 முதல் எட்டு வருஷம், நான்கு முறை இந்த மாநிலக் கீழவையில் உறுப்பினர். அந்த எட்டு வருஷத்தை அறிய வேண்டுமென்றால் கதைப்புத்தகங்களைவிட அவைக் குறிப்புதான் நம்பகமானது. ஆனால் அதை எடுத்ததும் பலர் நாலு பக்கத்தில் மூடிவிடுகிறார்கள். மூடாமல் வாசிக்கும் வழி ஒன்று எனக்குப் பழகியிருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

எந்தப் புத்தகம், எப்படி எடுப்பது

எட்டு வருஷத்தையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். ஒரு கூட்டத்தொடர் போதும். பத்தாவது சட்டமன்றத்தின் முதல் கூட்டத்தொடரை எடுங்கள்: 1836 டிசம்பர் 5-இல் தொடங்கி 1837 மார்ச் 6-இல் முடிந்தது. கீழவைக்கு ஒரு குறிப்பு, மேலவையான செனட்டுக்குத் தனியாக ஒரு குறிப்பு. இரண்டையும் அரசு அச்சகரே அந்த ஊரில் அச்சிட்டார். கூகுள் புக்ஸ், இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திடிரஸ்ட் போன்ற தளங்களில் ‘இலினாய் ஹவுஸ் ஜர்னல்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஆண்டையும் வாண்டேலியாவையும் சேர்த்தால் பழைய பிரதிகளின் படங்கள் கிடைக்கும். காசு கட்ட வேண்டியதில்லை.

இறக்கியதும் ஒரு காரியம் செய்துவிடுங்கள். திரையில் வரும் பக்க எண்ணும் தாளில் அச்சான பக்க எண்ணும் ஒன்றாக இருக்காது. எத்தனை பக்கம் தள்ளியிருக்கிறது என்று கணக்குப் பார்த்து முதல் தாளில் குறித்து வையுங்கள். யாராவது பக்கம் சொன்னால் அது அச்சு எண்ணாகத்தான் இருக்கும்.

அப்புறம், தேடல் பெட்டியை நம்பிவிடாதீர்கள். மங்கிய அச்சைக் கணினி தப்பாகப் படிக்கும். வரி முடிவில் லிங்கன் என்ற பெயர் இரண்டாக உடைந்து அடுத்த வரிக்குப் போயிருந்தால் அது தேடலில் அகப்படாது. தேடிக் கிடைக்காததால் அவர் அன்றைக்கு வாக்களிக்கவில்லை என்று முடிவு கட்டுவது பெரிய தப்பு. தேதியைப் பிடித்து, அந்த நாளின் பக்கங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

உறுப்பினர் பதிவேடு போடுங்கள்

வாசிக்கத் தொடங்கும் முன் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிய வேண்டும். கீழவையில் 91 பேர், செனட்டில் 40 பேர். முதல் நாள் குறிப்பிலேயே கவுண்டி வாரியாக வந்தவர்கள் பெயர் இருக்கும். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு. ஒரு நீள நோட்டை எடுத்து, இடது ஓரத்தில் 91 பெயர்களையும் மேலிருந்து கீழாக எழுதுங்கள். பக்கத்தில் கவுண்டி. மகன் எக்செல்லில் போட்டுத் தருகிறேன் என்றான். நான் கையால்தான் எழுதினேன். ஒரு பெயரைக் கையால் எழுதினால் அது மனசில் நிற்கிறது. பதினைந்தாம் பக்கத்தில் மறுபடி அந்தப் பெயர் வரும்போது தெரிந்த ஆளைச் சந்தையில் பார்த்தது போல இருக்கும்.

எழுதும்போதே சில பெயர்களில் கை நிற்கும். மார்கன் கவுண்டியிலிருந்து ஸ்டீபன் டக்ளஸ், வயது 23. இருபத்தொரு வருஷம் கழித்து, 1858-இல், ஊர் ஊராகப் போய் லிங்கனோடு வாதம் செய்யப்போகிறவர் இதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் பின்னாளில் மூன்று வெவ்வேறு மாநிலங்களின் சார்பில் அமெரிக்க செனட்டுக்குப் போனவர். ஜான் ஹார்டின் 1847-இல் மெக்சிகோ போரில் பூவெனா விஸ்டா களத்தில் இறந்தார். சபாநாயகர் ஜேம்ஸ் செம்பிள். சங்கமன் கவுண்டிக்கு ஏழு பிரதிநிதிகள்: லிங்கன், நினியன் எட்வர்ட்ஸ், டான் ஸ்டோன், வில்லியம் எல்கின், ஆண்ட்ரூ மெக்கார்மிக், ஜான் டாசன், ராபர்ட் வில்சன். செனட்டில் அதே கவுண்டிக்கு ஆர்ச்சர் ஹெர்ண்டன், ஜாப் பிளெட்சர். இந்த ஒன்பது பேரும் சராசரியாக ஆறடி உயரம், அதனால் ‘நெட்டை ஒன்பது பேர்’ என்று பெயர் வந்தது. இவர்களுக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள். லிங்கனுக்கு அப்போது 27 வயது, நிதிக் குழுவில் உறுப்பினர்.

பதிவேட்டில் இல்லாதவர்களையும் மறக்கக் கூடாது. 1818-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு, 21 வயது நிரம்பிய வெள்ளை ஆண்களுக்கு மட்டும்தான் வாக்குரிமை கொடுத்தது. கறுப்பின மக்களைப் பற்றி இந்த அவை எத்தனையோ முடிவு எடுத்தது. அவர்களில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. பெண்களுக்கும் இல்லை. 91 பெயர்களையும் எழுதி முடித்த பிறகு நோட்டின் மேல் ஓரத்தில் இதையும் எழுதினேன். ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் கண்ணில் படட்டும் என்றுதான்.

வாக்குரிமை இருந்தவர்களும் அந்நாளில் ரகசியமாக வாக்களிக்கவில்லை. தேர்தல் அதிகாரிகள் முன்னால் நின்று, இன்னாருக்கு என் வாக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதை ஏட்டில் பதிவார். அந்த ஏடுகள் சில இன்றும் இருக்கின்றன. உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த ஊர்க்காரர்கள் யார் என்று பெயர் பெயராகப் பார்க்க விரும்புகிறவர்கள் அடுத்த கட்டமாக அங்கே போகலாம்.

ஒரு நாள் எப்படி ஓடும்

தினமும் ஒரே வரிசைதான். ஒத்திவைப்பின்படி அவை கூடியது என்று முதல் வரி. பிறகு மனுக்கள், குழு அறிக்கைகள், தீர்மானங்கள், மசோதாக்களின் வாசிப்பு, நடுவில் செனட்டிலிருந்து அதன் செயலர் கொண்டுவரும் செய்தி. பெரும்பகுதி சின்னச் சின்ன விஷயங்கள்: ஆற்றுக்குக் குறுக்கே பாலம், சாலையின் திருப்பம், ஒரு தம்பதிக்கு விவாகரத்து. ஆமாம், விவாகரத்தைக்கூட அன்று சட்டமன்றம் சட்டமாகப் போட்டுக் கொடுக்கலாம். முந்தைய சட்டமன்றத்தில், 1834 டிசம்பரில், லிங்கன் கொண்டுவந்த முதல் மசோதாக்களில் ஒன்று, சால்ட் கிரீக் என்ற ஓடையின் மேல் சாமுவேல் மியூசிக் என்பவர் சுங்கப் பாலம் கட்ட அனுமதி கேட்டது. இவற்றைத் தாண்டிப் போய்விடாதீர்கள், ஆனால் வேகமாகப் படியுங்கள். எந்த உறுப்பினர் யாருடைய மனுவைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்பதில் ஊர் உறவு தெரியும்.

பேச்சு மட்டும் இருக்காது. யார் என்ன வாதம் செய்தார் என்று ஒரு வரியும் கிடைக்காது. நம் தீர்மானப் புத்தகமும் அப்படித்தானே! மூன்று மணி நேரம் சத்தம் போட்டிருப்பார்கள், புத்தகத்தில் நாலு வரி. பேச்சு வேண்டுமானால் அந்தக் காலச் செய்தித்தாளைத் தேட வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டில் சைமியன் பிரான்சிஸ் நடத்திய ‘சங்கமோ ஜர்னல்’ லிங்கனின் விக் கட்சிக்கு ஆதரவான தாள். அதை மட்டும் படித்தால் ஒரு பக்கம்தான் தெரியும், எதிர்த்தரப்புத் தாளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சொற்களில் இருக்கும் குழிகள்

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள், தமிழில் வாசிக்கப் பழகியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். ‘மேசைமேல் வைக்கப்பட்டது’ என்று நூற்றுக்கணக்கான இடத்தில் வரும். நம் ஊரில் ஓர் அறிக்கையை அவையின் மேசைமேல் வைத்தால், எல்லாரும் பார்க்க முன்வைத்தார்கள் என்று அர்த்தம். அமெரிக்காவில் நேர்மாறு. இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று ஓரமாகப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். ‘ஜூலை 4 வரை மேசைமேல்’ என்று வந்தால் அந்த மசோதா செத்தது, ஏனென்றால் ஜூலையில் அவை வழக்கமாகக் கூடியிருக்காது. நான் முதல் வாரம் முழுக்க இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, கொன்ற மசோதாக்களையெல்லாம் பிழைத்தவையாகக் குறித்து வைத்திருந்தேன். இருபது பக்கக் குறிப்பைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

இன்னொன்று, ‘இயற்றும் வாசகத்துக்குப் பிறகுள்ள அனைத்தையும் நீக்குக’. மசோதாவின் தலைப்பும் முதல் வரியும் இருக்கும், உடம்பு முழுக்க மாறிவிடும். தலைப்பை மட்டும் பார்த்து, இவர் பள்ளிக்கூடத்துக்கு ஆதரவாக வாக்களித்தார், இவர் எதிர்த்தார் என்று எழுதிவிடாதீர்கள். வாக்கெடுப்புக்கு முந்தைய திருத்தம் என்ன என்று மேலே போய்ப் பார்க்க வேண்டும். மசோதா மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று முறை வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. மூன்றாம் வாசிப்புக்காகச் சுத்தப் பிரதி எடுக்க உத்தரவு என்ற கட்டத்தில்தான் பெரும்பாலும் உண்மையான பலப்பரீட்சை நடந்திருக்கும்.

இரு அவையும் நிறைவேற்றிய பிறகும் மசோதா முடியாது. ஆளுநரும் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளும் சேர்ந்த மறுபரிசீலனைக் குழு ஒன்று அதைப் பார்க்கும். அவர்கள் ஆட்சேபித்துத் திருப்பி அனுப்பினால், இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் மறுபடி ஆதரித்தால் சட்டமாகிவிடும். 1848 அரசியலமைப்பில் இந்தக் குழு போய்விட்டது. அதற்கு முந்தைய குறிப்புகளை வாசிக்கும்போது இது ஞாபகம் இருக்க வேண்டும்.

பேச்சை விடுங்கள், பெயர்ப் பட்டியலைப் பிடியுங்கள்

அன்றைய அரசியலமைப்பில் ஒரு விதி இருந்தது. எந்தப் பிரச்சினையானாலும், இரண்டு உறுப்பினர்கள் கேட்டால் போதும், ஆம் என்றவர் யார், இல்லை என்றவர் யார் என்று பெயர் பெயராகக் குறிப்பில் ஏற வேண்டும். இந்தப் புத்தகத்துக்கு உயிர் கொடுப்பது இந்த விதிதான். ஆம் தரப்பு அகரவரிசையில், பிறகு இல்லை தரப்பு. குடும்பப்பெயர் மட்டும்தான் இருக்கும். ஒரே குடும்பப்பெயரில் இருவர் இருந்தால் கவுண்டிப் பெயரையும் சேர்த்திருப்பார்கள், அந்த இடத்தில் பதிவேடு இல்லாமல் நகர முடியாது.

நோட்டில் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் ஒரு நெட்டைக் கட்டம் போடுங்கள். மேலே தேதி, அச்சுப் பக்கம், பொருள். ஆம் என்றால் நீல மை, இல்லை என்றால் சிவப்பு. இரண்டிலும் பெயர் இல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலிக் கட்டம் ரொம்ப முக்கியம். கடைசியில் கூட்டிப் பாருங்கள், 91-க்கு எவ்வளவு குறைகிறது என்று. ஆளே வராதவர், வெளியே எழுந்து போனவர், வந்தும் வாய் திறக்காதவர் எல்லாம் அந்தக் குறையில் இருக்கிறார்கள். முப்பது நாற்பது கட்டம் நிறைந்ததும் நோட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தால், யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள் என்று வண்ணமே சொல்லிவிடும்.

இந்த நோட்டை வைத்து ஒரு கதையைச் சோதித்துப் பாருங்கள். நெட்டை ஒன்பது பேரும் தலைநகரைத் தங்கள் சங்கமன் கவுண்டியில் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொண்டுபோவதற்காக, மற்ற கவுண்டிகளின் ரயில்பாதைக்கும் சாலைக்கும் வாக்கைப் பண்டமாற்றுச் செய்தார்கள் என்று நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்கிறார்கள். தேதிகள் அதற்குத் தோதாகத்தான் இருக்கின்றன. 1837 பிப்ரவரி 27: ஏறத்தாழ ஒரு கோடி டாலர் செலவில் மாநிலம் முழுக்க ரயில்பாதை, சாலை, ஆற்று வழி போடும் மாபெரும் திட்டம் சட்டமாகிறது. மறுநாள் பிப்ரவரி 28: இரு அவையும் கூட்டாக உட்கார்ந்து தலைநகருக்கு வாக்களிக்கின்றன. நான்காவது சுற்றில் ஸ்பிரிங்ஃபீல்டு 73 வாக்கு பெற்று ஜெயிக்கிறது. இருந்த ஊரான வாண்டேலியாவுக்கு 16.

இரண்டு தேதியும் அடுத்தடுத்து வருவதால் மட்டும் பேரம் நடந்ததாக எழுதிவிட முடியாது. இரண்டு அவையும் சேர்த்து 131 பேர், சங்கமனுக்கு ஒன்பது. பேரம் உண்மையானால், தங்கள் ஊருக்கு ரயில்பாதை கிடைத்தவர்கள் வரிசையாக ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் நீலமாக வர வேண்டும். இலினாய் சட்டமன்றத்தில் தாமே உறுப்பினராக இருந்து பின்னாளில் அமெரிக்க செனட்டரான பால் சைமன், 1960-களில் இந்தப் பட்டியல்களையெல்லாம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, பேரக் கதைக்கு வாக்குகளில் ஆதாரம் இல்லை என்று எழுதினார். என் எண்ணமும் அதுதான். அந்தத் திட்டமே எல்லாரையும் திருப்திப்படுத்தும்படி அமைந்திருந்தது. ரயில்பாதையோ கால்வாயோ கிடைக்காத கவுண்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்க 2,00,000 டாலர் தனியாக ஒதுக்கியிருந்தார்கள். அதை நிறைவேற்ற ஒன்பது பேர் வந்து யாரிடமும் பேரம் பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனால் அதற்கு லிங்கன் ஆதரவாக நின்றார் என்பதையும் மறைக்கக் கூடாது. அதே வருஷம் நாடு முழுக்கப் பொருளாதாரம் சரிந்தது, திட்டம் பாதியில் நின்றது, சில வருஷத்தில் மாநிலம் கடனுக்கு வட்டிகூடக் கட்ட முடியாமல் திணறியது. பிடித்த மனிதர் என்பதற்காக அந்தக் கட்டத்தை வெள்ளையாக விட்டுவிடாதீர்கள்.

கடைசி வாரத்தை அவசரப்பட்டு மூடாதீர்கள்

மூன்று மாதக் குறிப்பை வாசித்துக் களைத்தவர்கள் தலைநகர் வாக்கெடுப்போடு நிறுத்திவிடுவார்கள். கூட்டத்தொடர் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மார்ச் 1-ஆம் தேதி லிங்கனின் பெயர் வழக்கறிஞர் பட்டியலில் ஏறுகிறது. மார்ச் 3-ஆம் தேதிக்கு வாருங்கள். அச்சுப் பக்கம் 817, 818.

இதைப் புரிந்துகொள்ளப் பின்னோக்கி ஜனவரி 20-க்குப் போக வேண்டும். அடிமை முறையை ஒழிக்கக் கோரும் சங்கங்கள் வடக்கே பெருகிக்கொண்டிருந்த நேரம். தென் மாநிலங்களின் சட்டமன்றங்கள் இதைக் கண்டிக்கச் சொல்லி மற்ற மாநிலங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தன. இலினாய் அவையும் தீர்மானம் போட்டது: ஒழிப்புச் சங்கங்கள் உருவாவதை வன்மையாகக் கண்டிக்கிறோம், அடிமைகளைச் சொத்தாக வைத்திருக்கும் உரிமை அந்த மாநிலங்களுக்குக் கூட்டாட்சி அரசியலமைப்பின்படி புனிதமானது என்று. கீழவையில் ஆம் 77, இல்லை 6. செனட்டில் ஆம் 18, இல்லை என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

கூட்டிப் பாருங்கள். 77-உம் 6-உம் சேர்ந்து 83. கீழவையில் எட்டுப் பெயர் எந்தப் பக்கமும் இல்லை. 40 பேர் கொண்ட செனட்டில் 22 பெயர் இல்லை. அந்த ஆறு பேரில் லிங்கனும் டான் ஸ்டோனும் இரண்டு பேர். மற்ற நால்வரை நான் சொல்லப்போவதில்லை. அந்த நாளின் பட்டியலைத் திறந்து, உங்கள் பதிவேட்டில் நீங்களே சிவப்பு மை வையுங்கள். இந்தக் குறிப்பில் நீங்கள் போடும் முதல் கட்டம் இதுவாகவே இருக்கட்டும்.

ஆறு வாரம் கழித்து, மார்ச் 3-இல், அந்த ஆறு பேரில் இருவர் மட்டும் எழுத்தில் ஓர் ஆட்சேபம் கொடுக்கிறார்கள். அதைக் குறிப்பில் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். அடிமை முறை அநீதியின் மேலும் கெட்ட கொள்கையின் மேலும் நிற்கிறது என்று கையெழுத்திட்டவர்கள் நம்புவதாக ஒரு வாக்கியம். பாதியிலேயே அது திரும்புகிறது: ஆனால் ஒழிப்புக் கோட்பாடுகளைப் பரப்புவது அந்தத் தீமையைக் குறைப்பதைவிடக் கூட்டவே செய்யும். மாநிலங்களுக்குள் இருக்கும் அடிமை முறையில் தலையிட நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறது அடுத்தது. தலைநகர் வாஷிங்டன் இருக்கும் கொலம்பியா மாவட்டத்தில் அதை ஒழிக்க அதிகாரம் உண்டு, ஆனால் அங்கே வாழும் மக்கள் கேட்டாலொழிய அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது கடைசி.

தயவுசெய்து முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்து எங்கேயும் போடாதீர்கள். இரண்டு பாதியும் சேர்ந்ததுதான் 1837-இல் லிங்கன் எழுதியது. 28 வயதில், மறுபடி ஓட்டுக் கேட்டுப் போக வேண்டிய ஒரு கவுண்டி உறுப்பினர், 77 பேருக்கு எதிரே நின்று எவ்வளவு தூரம் போனார், எந்த இடத்தில் நின்றுகொண்டார் என்பது இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் தெரியும். அதே வருஷம் நவம்பரில், அதே மாநிலத்தில் ஆல்டன் நகரில், அடிமை ஒழிப்புக்காகப் பத்திரிகை நடத்திய எலைஜா லவ்ஜாயைக் கும்பல் சுட்டுக் கொன்றது. அந்தக் காற்று வீசிய நாளில் ‘அநீதி’ என்ற சொல்லை அரசு அச்சிடும் புத்தகத்தில் ஏற்றினார்கள்.

ஏன் ஜனவரியில் கொடுக்காமல் மார்ச் வரை காத்திருந்தார்கள்? நோட்டில் தேதிகளை வரிசையாக வைத்தால் ஒரு பதில் தோன்றும். தலைநகர் வாக்கு பிப்ரவரி 28-இல் முடிந்துவிட்டது. அதற்கு முன்பு கொடுத்திருந்தால், ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வர வேண்டிய வாக்குகள் கோபத்தில் விலகியிருக்கலாம். இது ஊகம்தான். உங்கள் நோட்டிலும் ஊகத்தைப் பென்சிலால் எழுதுங்கள், மையால் வேண்டாம்.

ஏன் இரண்டு பேர் என்பதற்கு மட்டும் ஊகம் தேவையில்லை. 1818 அரசியலமைப்பில், பெயர் சொல்லி வாக்கெடுக்கும் விதி இருக்கும் அதே பகுதியில் இன்னொரு விதியும் உண்டு. எந்த அவையிலும் எந்த இரண்டு உறுப்பினர்களும், பொதுமக்களுக்கோ ஒரு தனி ஆளுக்கோ கேடு என்று தாங்கள் நினைக்கும் சட்டத்துக்கும் தீர்மானத்துக்கும் எதிராக ஆட்சேபம் தெரிவிக்கலாம். காரணத்தையும் குறிப்பில் பதிய வைக்கலாம். ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். டான் ஸ்டோன் கூட வராமல் இருந்திருந்தால் அந்த விதி லிங்கனுக்குக் கைகொடுத்திருக்காது. சபாநாயகரோ, எழுத்தரோ, 77 பேரோ நினைத்தாலும் இரண்டு பேரின் எழுத்தைத் தடுத்திருக்க முடியாது.

முதன்முதலில் இந்த விதியைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. குப்பைக் கிடங்குப் பொருளில் எழுந்து நின்றவர்களும் இரண்டு பேர்தான்.

பக்கத்தின் அடியில் கையெழுத்துகளைப் பாருங்கள். டான் ஸ்டோன் பெயர் முதலில், ஏ. லிங்கன் என்பது அதற்குக் கீழே, சங்கமன் கவுண்டியின் பிரதிநிதிகள் என்று முடிகிறது. ஸ்டோன் வெர்மான்ட்டில் பிறந்த வழக்கறிஞர், அந்த வருஷமே வட்டார நீதிபதியாகி மாநிலத்தின் வடக்கே போய்விட்டார். அதன் பிறகு அவரைப் பற்றி அதிகம் பேச்சில்லை. உங்கள் பதிவேட்டில் அவர் வரியை நிரப்பும்போது கொஞ்சம் நேரம் கூடுதலாகக் கொடுங்கள்.

817, 818 என்ற எண்கள் எனக்குத் தேடல் பெட்டியில் கிடைக்கவில்லை. 1860-இல் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றபோது, பிரசாரத்துக்காகத் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் லிங்கனிடம். அதில் இந்த ஆட்சேபத்தைக் குறிப்பிட்டு, அடிமை முறை பற்றிய தன் நிலை அன்று சொன்ன அளவுக்கு இன்றும் அதேதான் என்று எழுதினார். 23 வருஷம் ஆகியிருந்தது. கூடவே டான் ஸ்டோன் பெயரையும், தேதியையும், அவைக் குறிப்பின் அந்த இரண்டு பக்க எண்களையும் எழுதிக் கொடுத்தார்.